கேட்டுச் செய்கிற மனிதர்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவர் கேட்காதது எதுவும் இல்லை. இலஞ்சியில் எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள், நான் ஏற்றி அனுப்புகிற தேங்காய் எந்த ஊருக்குப் போகிறது, குமாரர் கோயிலுக்கு எத்தனை வருஷமாக நித்தம் போகிறேன், வெற்றிலை உண்டா இல்லையா என்று முதல் வியாழக்கிழமையே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். திருப்பி அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மனசுக்குள் குல்லாக்காரர் என்று வைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் கழிந்தும் அப்படித்தான் இருக்கிறார்.

குல்லா என்றால் குரங்குக் குல்லா. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லா. அந்த வருஷம் சாரல் பிந்திப்போய், ஆனி மாசம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் குல்லா, கைக்குக் கம்பளி உறை, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், முழுக்கைச் சுவெட்டரோடு ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஒரு மனிதர் ஏறி வந்தால் யார்தான் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என் வீட்டுக்காரி என் காதோடு, "மூளைக் கோளாறா இருக்குமோ" என்றாள். எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த அந்த மனிதர் சட்டென்று திரும்பி, "இல்ல தாயி, ரத்தக் கோளாறு" என்றார். அதுதான் அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு.

தென்காசியில் அந்த ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து ரத்த டாக்டர் வருவார். மாடியில் டிரிப்ஸ் ஏற்றுவதற்கென்று ஒரு அறை. நாலு சாய்வு நாற்காலிகள். எனக்கு வந்திருந்தது, உடம்பே தன் ரத்தத்தைப் பகையாளி என்று நினைத்து அழிக்கிற நோய். ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் குறைந்துபோய், பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. தேங்காய் மூட்டை லேசாக உரசினாலும் தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகும். மாத்திரை சாப்பிட்டு முகம் பூசணிக்காயாக ஊதியது. மாத்திரையைக் குறைத்தால் மறுபடியும் அணுக்கள் இறங்கின. அதற்குப் பிறகுதான் இந்த டிரிப்ஸ் மருந்து. நாலு வியாழக்கிழமை, நாலு பை.

அவருக்கும் அதே மருந்து, அதே நாலு வியாழக்கிழமை. ஆனால் நோய் வேறு. அவர் உடம்பும் அவர் ரத்தத்தோடுதான் சண்டை போட்டது. குளிர் பட்டால் மட்டும் போடும். குளிர்ந்த தண்ணீரோ குளிர்ந்த காற்றோ பட்டதும் ரத்தம் உள்ளே கட்டிகட்டியாகச் சேர்ந்து உடைந்துபோகும். விரலும் காதும் நீலமாகும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். குற்றாலத்துக்குப் போகிற வழியில் வீடு கட்டிக் குடியிருக்கிற மனிதருக்கு இப்படி ஒரு நோய் வருவது என்ன விதி என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்படியெல்லாம் தோன்றியதாகத் தெரியவில்லை. அவருக்குக் கேள்விதான் தோன்றியது.

"சிஸ்டர், அண்ணாச்சிக்கு ரத்தம் நிக்க மாட்டேங்கு. எனக்கு ஓட மாட்டேங்கு. ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுக்கிய. எப்பிடி?"

ஜெபா சிஸ்டர் என்று ஒரு பிள்ளை. எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. "ரெண்டு பேர் உடம்புலயும் ஆள் தெரியாம அடிக்கித போலீஸ்காரன் ஒருத்தந்தான் சார். இந்த மருந்து அவனைப் பிடிச்சு வீட்டுக்கு அனுப்பிரும்" என்றது.

"திரும்பி வந்துருவானா?"

"கொஞ்ச மாசம் கழிச்சு வருவான். வரும்போது திருந்தி வருவானான்னு பாக்கணும்."

அவர் தலையாட்டிக்கொண்டார். அந்தப் பதிலை அப்படியே வாங்கி உள்ளே அடுக்கி வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு தலையாட்டல். பிறகு அந்த அறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் போலீஸ்காரன் கதையை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்.

லாரி ஓட்டியவர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போவது முப்பது வருஷத் தொழில். கண்ணைக் கட்டி விட்டாலும் போகிற பாதை. ஆனாலும் ஒவ்வொரு பயணத்திலும் வழியில் இரண்டு மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி, டீக்கடையில் தலையை நீட்டி, பாதை எப்படி இருக்கிறது, பாலம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போவாராம். கூட வருகிற கிளீனர்கள் கேலி செய்திருக்கிறார்கள். "நேத்து இருந்த பாலம் இன்னைக்கும் இருக்கணும்னு இருக்காலே" என்று பதில் சொல்வாராம். அதை என்னிடம் சொன்னபோது சிரித்தார். நானும் சிரித்தேன்.

கேட்பது பாதிதான். கேட்டபிறகு சொன்னபடி செய்வது மீதிப் பாதி. அதைப் போல நான் ஒருவரிடமும் கண்டதில்லை. நாமெல்லாம் டாக்டர் சொன்னதில் நமக்குத் தோதானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவோம். அவர் விடமாட்டார். வெதுவெதுப்பான தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு வெதுவெதுப்பு என்று கேட்டிருக்கிறார். மணிக்கட்டில் ஊற்றினால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அன்றுமுதல் ஒவ்வொரு டம்ளருக்கும் முதலில் ஒரு சொட்டு மணிக்கட்டில் விடுவார். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அப்படித்தான் என்று அவரே சொன்னார். ஃப்ரிட்ஜுக்குள் கையை விடக்கூடாது என்று சொல்லியிருப்பதால், வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் மூன்றடி தள்ளிப்போய் நின்றுகொண்டு மோர் எடு, ஊறுகாய் எடு என்று சொல்வாராம். "எங்க வீட்ல உள்ளவ, ஃப்ரிட்ஜுக்குள்ள என்ன நாயா கட்டிக் கெடக்குன்னு ஏசுதா" என்றார்.

அவருக்காக அந்த அறையில் ஏ.சி. போடக்கூடாது. மருந்துப் பையைக் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, குளிர்ச்சி முழுக்கப் போகும்வரை மேஜையில் வைத்திருந்துதான் ஏற்றுவார்கள். அவர் நாற்காலியில் கம்பளி விரித்திருக்கும். மற்றவர்கள் புழுக்கத்தில் விசிறிக்கொண்டு முனகுவார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "ரொம்ப வேக்காடா இருக்கா? என்னாலதான்" என்று கேட்பார். அப்படிக் கேட்டபிறகு யார் என்ன சொல்லமுடியும்.

முதல் வியாழக்கிழமை நடந்ததை நான் மறக்கக்கூடாது.

அந்த மருந்தை முதல்முறை ஏற்றும்போது உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். அதனால் முன்னதாக மாத்திரையும் தூக்கம் வருகிற ஊசியும் போட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, அரைமணிக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டுவார்கள். குளிர், நடுக்கம், அரிப்பு, தொண்டையில் ஏதாவது செய்தால் உடனே சொல்லவேண்டும் என்று சிஸ்டர் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னது. நான் மண்டையை ஆட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

ஒருமணி நேரம் கழித்து எனக்குத் தொண்டையில் பூனைமயிர் ஒட்டின மாதிரி இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் நேரம் இழுக்கும், கோயிலில் சாயரட்சைப் பூஜைக்கு இலஞ்சி போய்ச் சேரமுடியாது என்பது ஒரு எண்ணம். கந்தசஷ்டிக் கவசத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் அடங்கிவிடும் என்பது இன்னொன்று. கனைத்துக்கொண்டே கவசத்தில் பாதிவரை வந்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "சிஸ்டர், கனைச்சா அது கணக்குல வருமா?"

"யாரு கனைக்கா?"

"நான் இல்ல. அண்ணாச்சி. பதினோரு தடவை கனைச்சிட்டாவ."

சிஸ்டர் ஓடிவந்து பார்த்தது. எனக்கு அதற்குள் உதடு தடித்து, நெஞ்சு இறுகத் தொடங்கியிருந்தது. டிரிப்ஸை நிறுத்தி, வேறு ஊசி போட்டு, டாக்டரை மேலே வரவழைத்தார்கள். ஒருமணி நேரம் சும்மா கிடந்தபிறகு மறுபடி மெதுவாக ஆரம்பித்தார்கள். இன்னும் கால்மணி நேரம் சொல்லாமல் இருந்திருந்தால் கஷ்டமாகிப்போயிருக்கும் என்று டாக்டர் என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் குல்லாக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு உண்மையில் கோபம்தான் வந்தது. சாயரட்சை போயிற்றே என்று. அவர் என்னைப் பார்த்து, "கோவமா அண்ணாச்சி?" என்று அதையும் கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் நல்ல பழக்கம் ஆகிவிட்டது. ஊசி போட்ட அரைத்தூக்கத்தில், கையில் குழாயோடு கிடந்தபடி ஆறுமணி நேரம் பேசுகிற பழக்கம் வேறு எந்தப் பழக்கம் மாதிரியும் இருக்காது. நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் ருத்திராட்சமும் இருப்பதைப் பார்த்து அந்த அறையில் என்னைச் சாமி அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. கோயிலுக்குப் போவேன், கவசம் சொல்வேன், கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பேன். அதற்கு மேல் சாஸ்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அப்படிக் கூப்பிட்டது காதுக்கு இதமாக இருந்தது. இல்லையென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அவருடைய அம்மாவைப் பற்றி இரண்டாவது வாரம் சொன்னார். அவர் ஒரே பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது இவர் ரத்தம் குறைந்து, நோய் என்னவென்றே தெரியாமல் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தது. போன ஆடி அமாவாசைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். "கொள்ளியும் வைக்கல. எள்ளும் தண்ணியும் இறைக்கல. இந்த அமாவாசைக்காவது அம்மைக்குச் செஞ்சிரணும் அண்ணாச்சி" என்றார். வேறு எதைப் பேசினாலும் சிரிப்பு கலந்திருக்கும். இதில் இல்லை.

மூன்றாவது வியாழக்கிழமை சாரல் வந்துவிட்டது. ஊரெல்லாம் சந்தோஷம். ஜன்னலை யார் திறந்தாலும் ஜெபா சிஸ்டர் போய் மூடியது. அவர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். அமாவாசைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். டாக்டர்ட்ட கேட்டாச்சு. அவுக சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கு."

கேளுங்க என்றேன்.

அம்மாவுக்குச் செய்வதற்கு முன் குற்றாலத்து அருவியில் குளிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். ஒரு சொட்டுக்கூட ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். "அதனால ஒரு யோசனை. அருவித் தண்ணியைக் குடத்துல பிடிச்சு, அங்கன ஓரமா அடுப்பு வச்சு, வெதுவெதுன்னு காய்ச்சித் தலையில ஊத்திட்டு அம்மைக்குச் செஞ்சா சேருமா?"

எனக்கு ஊசித் தூக்கம் கண்ணைச் செருகியது. அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். சாமி அண்ணாச்சியிடம் ஒருவர் சாமி விஷயம் கேட்கிறார். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"காய்ச்சினா அது வெந்நி. தீர்த்தம் எப்பிடி ஆகும்? அருவியில நனைஞ்சாத்தான் தீர்த்தம்."

"கட்டாயமா?"

"கட்டாயந்தான்."

கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிறகு, "எவ்வளவு நேரம் நனையணும்?" என்றார்.

"நேரமெல்லாம் இல்ல. மூணு தடவை தலையைக் குடுத்து எடுத்தா போதும்."

"மூணு மதியா?" போதுமா என்பதற்கு மலையாளத்தில் கேட்பார். ஓடின பாதையில் பழகினது.

"மதி" என்றேன் நானும் விளையாட்டாக. அப்படியே தூங்கிப்போனேன்.

டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். அவரே சொன்னார். அப்படியிருக்க இந்த மனிதர் போகமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேனா என்று பிற்பாடு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். போவார், போகமாட்டார் என்று நான் எதையுமே நினைக்கவில்லை. ஒரு பதில் கேட்டார், ஒரு பதில் கொடுத்தேன். கேட்டதைச் செய்கிற மனிதர் என்று மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் அது என் புத்தியில் ஏறவில்லை.

இன்னொன்றையும் எழுதவேண்டும். இந்த மருந்து ஏற்றியிருக்கும்போது கூட்டத்துக்குள் போகக்கூடாது, தொற்று வந்துவிடும் என்று டாக்டர் எனக்கும் சொல்லியிருந்தார். அதனால் அந்த அமாவாசைக்கு நான் குற்றாலம் போகவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். மனசு நிறைவாகத்தான் இருந்தது. அருவி கட்டாயம் என்று நாலு நாளைக்கு முன்னால் ஒருவருக்குச் சொன்னது நினைவுக்கே வரவில்லை.

நாலாவது வியாழக்கிழமை அவர் நாற்காலியில் கம்பளி மடித்தபடி இருந்தது. சிஸ்டரிடம் கேட்டேன். மேல்மாடி வார்டில் இருக்கிறார், அமாவாசை அன்று சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று சொன்னது. ரத்தம் அஞ்சுக்கு இறங்கிவிட்டதாம். ஏற்றுவதற்கு எந்த ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் கட்டிக்கொண்டதில், பொருந்துகிற பை கிடைக்க ஒரு ராத்திரியும் பகலும் ஆகியிருக்கிறது. "இவ்வளவு சொல்லியும் அருவிக்குப் போயிருக்காரு. இவருதான்னு என்னால நம்பவே முடியல சார். சொன்னா சொன்னபடி இருக்கவரு" என்றது அந்தப் பிள்ளை. என் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

என் பை முடிந்ததும் மேலே போனேன். கம்பளிக்கு மேல் கம்பளி போட்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தொங்குகிற ரத்தப் பையிலிருந்து வருகிற குழாய், ஒரு சின்னச் சூட்டுப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்து அவர் கைக்குப் போனது. மூக்கு நுனியும் காது மடலும் நாவல்பழம் கசக்கின நிறத்தில் இருந்தன. கட்டிலுக்குக் கீழே தரையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். என் நெற்றியைப் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

"நீங்கதான் அந்தச் சாமி அண்ணாச்சியா?"

ஆமா என்றேன்.

ஏசவில்லை. ஏசியிருக்கலாம். மெள்ள நடந்ததைச் சொன்னார்கள். "அடுப்பு, விறகு, குடமெல்லாம் அமாவாசைக்குன்னு முன்கூட்டியே எடுத்து வண்டியில ஏத்தி வச்சாச்சு அண்ணாச்சி. இங்கன டிரிப்ஸ் போட்டுட்டு வந்தவுக, எல்லாத்தையும் எறக்கி வைன்னுட்டாவ. ஏன்னு கேட்டதுக்கு, கேட்டுட்டேன், அருவியிலதான் நனையணுமாம்னாவ. நானும் மகளும் கால்ல விழாத குறை. மூணு தடவைதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னாவ. குல்லாவைக் கழத்தி எங்கிட்ட தந்துட்டு வரிசையில போய் நின்னாவ. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி நனைஞ்சாவ. நாலாவது நனையல. வெறச்சுக்கிட்டே உக்காந்து அவுக அம்மைக்குச் செஞ்சாவ. எள்ளைப் பிடிக்க வெரல் மடங்கல. எந்திரிக்கும்போதே முடியல."

சொல்லிவிட்டு, பிளாஸ்கிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். அதைப் போல ஒரு கசப்பை நான் குடித்ததில்லை. அவர் விழிக்குமுன் இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அருவியிலதான் நனையணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். எங்கேயாவது படித்தேனா, யாராவது பெரியவர்கள் சொன்னார்களா, கோயிலில் கேட்டேனா. எவ்வளவு தோண்டியும் ஒரு முகமும் தட்டுப்படவில்லை. யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அருவியில் நனைவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மூணு தடவை என்பதும் அப்படித்தான். வாயில் வந்தது.

"தெரியாததை ஏன் சொன்னிய?" என்றாள். கேட்டுவிட்டு மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

மறுநாள் வெள்ளன குளித்துவிட்டு இலஞ்சியிலிருந்து பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். கூட்டத்துக்குள் போகவில்லை. கோயில் பக்கம் தர்ப்பணம் செய்து வைக்கிற அய்யர் ஒருவர், சாரலுக்கு ஒதுங்கி மண்டபத்தில் நின்றார். அவர் எனக்குப் பழக்கம். விஷயத்தை, யாருக்கு நடந்தது என்று சொல்லாமல், என் வாயால் நடந்தது என்பதை மட்டும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். உடம்புக்கு முடியாதவர்களுக்கு வெந்நீர் ஒரு குற்றமும் இல்லை என்றார். அதுவும் முடியாவிட்டால் கை கால் கழுவினால் போதும். அதுவும் முடியாதென்றால் திருநீறு பூசிக்கொண்டால் அதுவே குளியல், சாஸ்திரத்திலேயே இடம் இருக்கிறது என்றார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"நித்தம் இவ்வளவு பூசுதீரே, இது குளியல்னு உமக்கு யாரும் சொல்லலையா?"

"நான் யார்ட்டயும் கேக்கல சாமி" என்றேன்.

குல்லாக்காரர் பிழைத்துக்கொண்டார். நாலாவது பையை ஒருமாசம் தள்ளிப் போட்டார்கள். நன்றாகத் தேறி, குளிரே இல்லாத ஊரில் இருக்கவேண்டும் என்று மகள் வீட்டோடு போய்விட்டதாக ஜெபா சிஸ்டர் பிறகு சொன்னது. என் அணுக்களும் ஏறி இன்றுவரை இறங்காமல் நிற்கின்றன. முருகன் செயல். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது, குற்றாலத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மேல்மாடி ஏறின அந்தக் காலைதான்.

விழித்திருந்தார். குல்லா போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், உங்கள் நாலாவது பை நல்லபடி ஏறியதா, தொண்டை ஏதாவது செய்ததா என்று அதைத்தான் முதலில் கேட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாமல் சொன்னேன், வெந்நீரே போதும், திருநீறு பூசினாலே போதும் என்று.

"இது யாரு சொன்னா?"

அய்யர் சொன்னார் என்றேன்.

"எந்த அய்யரு? நேர்ல கேட்டியளா, போன்லயா?"

நேரில் போய்க் கேட்டேன், இப்போதுதான் வருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். அந்தப் பழைய தலையாட்டல். உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டார். அவர் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார்கள். குழாயில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டார். "அப்பம், நான் செஞ்சது எங்கம்மைக்குப் போய்ச் சேந்திருக்குமா?"

கட்டாயம் சேர்ந்திருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆறுதலான வார்த்தை. சொன்னால் அந்த முகம் தெளியும், எனக்கும் பாரம் இறங்கும். யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. மலைப்பாதையில் எதிரே வருகிறவனிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி."

சொல்லிவிட்டு, நான் உட்காருவதற்காகக் காலை ஒடுக்கிக் கட்டிலில் இடம் விட்டார். உட்கார்ந்தேன். கம்பளிக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் சில்லென்றுதான் இருந்தது. இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, பை முடிகிறவரைக்கும் அப்படியே இருந்தேன்.